மிளகுத் தராசில் ஒரு கட்டி

கடலுக்கென்று செய்த படகை
இருபது கொண்டை ஊசி வளைவும் திருப்பி
லாரியில் ஏற்காட்டுக்கு ஏற்றியவர் திருமேனி.
நாலு நிமிடத்தில் ஏரியைச் சுற்றிவிடும்.
ஐந்தாவது நிமிடத்துக்கு வேறு ஏரி வேண்டும்.

"உப்பில்லாத தண்ணி, அரிப்பு எங்கிருந்து வரும்?"
இரண்டு கோடைவிழா இப்படியே போயிற்று.

மூன்றாவதற்கு முன்
சூரமங்கலத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
ஸ்டெர்ன் டிரைவைத் தூக்கிப் பார்த்தேன்.
அலுமினியத் தோல் முழுக்க அம்மைத் தழும்பு.
நகம் பட்டால் வெள்ளை மாவு.
ஒரு குழியில் சுண்டுவிரல் நுனி போய் நின்றது,
அதற்கப்பால் கியர் எண்ணெய்.

பக்கத்திலேயே, வாங்கிய அன்று போல,
துத்தநாகக் கட்டி.
விளிம்பு மழுங்கவில்லை,
வார்ப்பு எழுத்துகூட அழியவில்லை.
மேலே விழாவுக்கு அடித்த நீல எனாமல், இரண்டு கோட்டு.

"பாத்தீங்களா, அது மட்டும் அசல் சாமான்.
தேயவே இல்ல."

எப்படிச் சொல்வது.
தேயத்தான் சார் அதை வாங்குவது.

எஃகு விசிறியும் அலுமினியப் பெட்டியும்
ஒரே தண்ணீரில் நின்றால் அது ஒரு பேட்டரி.
கடலில் அவசரம்; ஏரியில் நிதானம்,
வித்தியாசம் அவ்வளவுதான்.
யாராவது கரைந்தே ஆகவேண்டும்.
யார் முதலில் என்பதை மட்டும் நாம் சொல்லலாம்.
என் தொழில் மொத்தமும் அந்த ஒரு சொல்தான்.

துத்தநாகம் உப்புக்குப் பழகிய ஆள்.
நல்ல தண்ணீரில் ஏடு படர்ந்து தூங்கிவிடும்.
இங்கே மெக்னீசியம்தான் விழித்திருக்கும்.

மெக்னீசியம் என்றதும்
ஸ்பேனர் பிடித்திருந்த சடையாண்டி
மலைக்குக் கீழே கைகாட்டினான்:
வெயிலில் கண்கூசும் வெள்ளைக் கரடு.
"நம்ம ஊர்க் கல்லுதானேண்ணே."
கல் நம்மூர்தான்.
அது உலைச் செங்கலாகி எங்கோ போகிறது.
என் கட்டி கூரியரில் வந்தது,
படிக்கத் தெரியாத எழுத்துப் பெட்டியில்.

குழிகளை அடைத்தேன். செம்பில்லாத பெயின்ட்.
அறுந்த பச்சை ஒயரை மாற்றினேன்.
படகுத்துறை சார்ஜரில் கசிந்த கரண்டை,
இரவு முழுக்கத் தண்ணீருக்குள் நடந்ததை,
மீட்டர் வைத்துப் பிடித்தேன்.
கட்டி உட்காரும் இடத்தை
வெள்ளி தெரியும்வரை தேய்த்தேன்.
உலோகம் உலோகத்தைத் தொடவேண்டும்;
நடுவில் பெயின்ட் இருந்தால்
பந்தியில் உட்கார்ந்தும் இலை போடாத கதை.

"நமக்காகக் கரையுதே, தியாகி சார் இது"
என்று திருமேனி குங்குமம் எடுத்தார்.
தியாகமெல்லாம் இல்லை, மின்னழுத்த வித்தியாசம் என்றேன்.
அதற்குள் வைத்துவிட்டார்.
பரவாயில்லை, குங்குமம் கரையும்.

பூட்டுமுன் எதிர்க்கடை அற்புதமேரியின்
மிளகுத் தராசில் நிறுத்தோம்.
"கிலோ என்ன ரேட்டு இது?"
மாதம் ஒருமுறை கழற்றி நிறுத்துச் சொல்லச் சொன்னேன்.
காலண்டரின் பின்பக்கத்தில் அவர் எழுத்து:

மே 640
ஜூன் 611
ஜூலை 574
ஆகஸ்ட் 574

அந்த 574 என்னைத் தூங்கவிடவில்லை.
விடியற்காலை முதல் பஸ்.
கொண்டை ஊசிகளில் வயிறு புரண்டது,
எதனால் என்று எனக்கே தெரியவில்லை.

கட்டி பளபளத்தது. வெள்ளி நிறம்.
"கொடியேத்த ஆபீசர் வர்றாங்கன்னு…
சொரசொரன்னு அசிங்கமா இருந்துச்சுண்ணே."
சடையாண்டி கையில் இன்னும் பிரஷ் வாசம்.
நான் திட்டவில்லை.
உப்புத்தாளைப் பாதியாய்க் கிழித்து
அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
மத்தியானம்வரை பேசாமல் தேய்த்தோம்.
அந்த அசிங்கம் திரும்பி வந்தது,
குழிகுழியாய், சாம்பலாய்.

செப்டம்பரில் போன் அடித்தது.
பின்னால் மழை தகரத்தில் விழுகிற சத்தம்.
"ஐந்நூத்தி நாப்பத்தொண்ணு தம்பி.
முப்பத்திமூணு கிராம் குறையுது.
மிளகா இருந்தா நான் சும்மா விடமாட்டேன்,
யாரோ ஏமாத்துறாங்க."

இல்லக்கா, நல்ல சேதி என்றேன்.

கொஞ்ச நேரம் மழை மட்டும்.
"சரி, எழுதிக்கிறேன்" என்றார்,
நம்பாத குரலில்.